விடுவி

அந்த இடத்தில் மூன்றே சொற்கள்:
‘கொள்கலனை விடுவிக்கும் கருவி.’

டிசம்பர். வால்பராய்சோவில் செர்ரிக் காலம்.
குளிர்பெட்டிகள் இரவெல்லாம் உறுமும் துறைமுகம்.
சோதனை முடிந்த பதினேழு பெட்டியைக்
கப்பலுக்கு விடச் சொல்லி
இரவு ஷிஃப்டில் யாரோ ஏஜென்டுக்குத் தட்டச்சினார்கள்.
அது பட்டியலைப் படித்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு கருவிகள்.
‘விடுவி’யை எடுத்தது.
பதினேழு முறை.
பதினேழு முறையும் ‘வெற்றி’ என்றே பதில் வந்தது.

எதிலிருந்து என்று எழுதியிருக்கவில்லை.
சோதனைத் தடையிலிருந்து என்று அது எடுத்துக்கொண்டது.
கப்பலில் பிடித்துவைத்த இடத்திலிருந்து என்பதுதான் நிஜம்.
விடியுமுன் கப்பல் போயிற்று.
பெட்டிகள் நின்றன,
ஒவ்வொன்றிலும் இருபது டன் சிவப்பு.

காலைக் கூட்டத்தில் எல்லாரும் இயந்திரத்தைத் திட்டினார்கள்.
நானும் திட்டினேன், சற்றுத் தாமதமாக.
அந்தப் பக்கத்தின் அடியில்
‘பொறுப்பு: யஸ்னா கார்க்கமோ’ என்றிருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குக்
காபி இயந்திரத்தடியில் நாலு பேர் இருக்கிறார்கள்.
‘ஐயோ, அதைத் தொடாதே’ என்று
கிரேன் மேற்பார்வை ரிகோபெர்த்தோ உயர்த்தும்
ஒற்றைப் புருவம் இருக்கிறது.
இதற்கு நான் எழுதியது இருக்கிறது.
எழுதாதது,
இல்லவே இல்லை.

குறிப்பேட்டோடு கிளம்பினேன்.
ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் தொடங்கினார்கள்:
‘இது எல்லாருக்கும் தெரியுமே.’
ஞாயிறு மாலை ஆறுக்கு மேல்
சுங்கத்தின் கணினி ‘சரி’ என்றால் நம்பக் கூடாது.
பதினான்காம் வரிசை என்று ஒன்று கிடையாது,
நிலநடுக்கத்துக்குப் பின் அது வரைபடத்தில் மட்டும் இருக்கிறது.
எடை பூஜ்யம் என்றால் காலிப் பெட்டி அல்ல,
தராசு பழுது.
எலியானா மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:
‘எனக்கு இது தெரியும் என்பதே
நீ கேட்கும்வரை எனக்குத் தெரியாது.’

கடைசியில் நிபால்தோவை அழைத்தேன்,
அந்த மூன்று சொல்லை எழுதியவனை.
வேலையை விட்டு ஆறு வருடம். கில்ப்புவேயில் சைக்கிள் கடை.
பின்னால் யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
‘ஏன் அவ்வளவு சுருக்கமாக எழுதினாய்?’
கோபமாகக் கேட்கத்தான் நினைத்திருந்தேன்.
‘பக்கத்து மேசையில் நீ இருந்தாயே,’ என்றான்.
‘யாராவது கேட்டால் நீ சொல்வாய் என்று நினைத்தேன்.’
காற்றடிப்பது நின்றது.
ஏதோ சொல்ல வந்து
விலை கேட்டு வந்தவரிடம் போய்விட்டான்.

அன்றிரவு கருவியின் பெயரையே மாற்றினேன்.
‘கப்பல் முன்பதிவை நீக்கு’.
பிறகு எழுதினேன்:
சோதனைத் தடையை எடுக்க இது அல்ல, அதற்கு வேறு கருவி, பெயர் இது.
செய்தால் திரும்பப் பெற முடியாது.
‘வெற்றி’ என்றால் இடம் போயிற்று என்று பொருள்,
பெட்டி ஏறியது என்றல்ல.
எண் பதினோரு எழுத்து. கடைசி இலக்கம் பொருந்தாவிட்டால்
நிறுத்து. மனிதரைக் கேள்.
மூன்று சொல் முப்பத்தெட்டு வரி ஆயிற்று.
‘நாவலா எழுதுகிறாய்?’ என்றார் மேலாளர்.

அடுத்த வியாழன், அதிகாலை இரண்டு நாற்பது.
படுக்கையருகே கைபேசி அதிர்ந்தது.
‘ஒரு பெட்டியின் கடைசி இலக்கம் பொருந்தவில்லை.
நிறுத்தியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?’

ஒரு கண்ணை மட்டும் திறந்து தட்டினேன்:
‘அதை விட்டுவிடு.’

அனுப்பும் பொத்தானுக்கு மேல்
கட்டைவிரல் அப்படியே நின்றது.

எழுந்து உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டேன்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு எழுதினேன்:
‘அந்தப் பெட்டியில் எந்தக் கருவியையும் இயக்காதே.
முன்பதிவு இருக்கட்டும். தடையும் இருக்கட்டும்.
மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.
மூன்றரைக்குள் நானே வந்து
எண்ணை என் கண்ணால் பார்க்கிறேன்.’

காலுறை ஒன்றுதான் கிடைத்தது.