பட்டினித் தொப்பை

ரெட்டிச்சாவடி தாண்டி
பாண்டி ரோட்டோர நர்சரியில்
மரியசூசை சொன்னார்:
"புத்தர் தொப்பை மூங்கில்.
தண்ணி காட்டாதீங்க. காட்டினா
தொப்பை விழாது, நெட்டுக்கு ஓடிடும்."
பட்டினி கிடந்த புத்தருக்குத் தொப்பை ஏது என்றேன்.
"இவரு சீனாக்கார புத்தரும்மா."
முந்நூற்றைம்பது ரூபாய்.
டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
முன்சீட்டுக் குழந்தை திரும்பி நின்று
இலையை இழுத்துக்கொண்டே
செம்மண்டலம் வரை வந்தது.

மாடியில், டேங்கின் மறைவில் வைத்தேன்.
தேவனாம்பட்டினத்துக் காற்று
இலைநுனியைப் பொசுக்கிவிடும்.
சிமென்ட் தொட்டி, மூன்று ஓட்டை,
அடியில் உடைந்த ஓடு,
செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று,
எரு ஒரே பிடி.
அதுவே அவர் கணக்கில் அதிகம்.

விரலை மண்ணுக்குள் விட வேண்டும்.
இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால்
ஒரு சொம்பு.
இல்லையென்றால் நாளைக்கு.

குருத்து முழங்காலைத் தொடும்போது
கணுவைப் போர்த்திய உறையைப்
பச்சையாகவே உரித்துவிட வேண்டும்.
வெயில் பட்டுத் திகைத்து நிற்கும்;
நின்ற இடத்தில் வீங்கும்.

பகலில் நான்
நியாய விலைக் கடையில் எடை போடுகிறவள்.
ரேகை விழாத விரலைச்
சேலையில் துடைத்துத் துடைத்து
மெஷினில் வைப்பாள் கோசலை.
சிவப்பு எண்கள் நடுங்கி அடங்குமுன்னே
"குறையுதே" என்பாள் தையல்நாயகி.
எனக்கு வரும் மூட்டையே குறைந்துதான் வருகிறது.
சொன்னால் யார் நம்புவார்.
சாயங்காலம் மாடியேறி
ஒரு சொம்பை முக்கால் சொம்பாக்குவேன்.
கடலூரிலேயே இங்கே மட்டும்தான்
குறைத்துப் போட்டால் கொழுக்கிறது.

மூன்று வருஷத்தில் ஏழு தொப்பை.
கீழ்வீட்டுப் பையன் எல்லாவற்றுக்கும் பேர் வைத்தான்.
அடியிலிருந்து இரண்டாவது
எங்கள் வட்ட வழங்கல் அதிகாரி.

ஐப்பசி பிறந்தால்
படிக்கட்டு அறையின் சன்ஷேடுக்கு அடியில்
தொட்டியை இழுத்துவிடுவேன்.
மழை இருக்கிறது என்பதே
அதற்குத் தெரியக்கூடாது.

இந்தக் கார்த்திகையில் பெண்ணையாறு கரை மீறியது.
ஒன்பது நாள் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றேன்.
முதல் நாள் தராசு நனைந்தது.
பிறகு படி.
படியை யாரோ கஞ்சிக்கு எடுத்துப்போக
வெறுங்கையால் அள்ளி அள்ளிப் போட்டேன்.
தையல்நாயகியும் வந்தாள்.
முந்தானையை விரித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மாடிக்குப் போனால்
மழைநீர்க் குழாய் காற்றில் கழன்று
நேராகத் தொட்டிக்குள் கொட்டியிருக்கிறது.
தொட்டி விரிந்து
விரிசலெங்கும் வெள்ளை வேர்.
போகும்போது முழங்காலளவு இருந்த குருத்து
என் தோளைத் தாண்டி நிற்கிறது.
கணுவுக்குக் கணு ஒரு சாண்.
வீக்கமில்லை. வளைவில்லை.
மூங்கில் என்றால் இதுதான் என்பதுபோல.

போனில் மரியசூசை சொன்னார்,
"அடியோட அறுத்துடுங்க.
ஒண்ணு நெட்டுக்குப் போனா
மத்ததும் பார்த்துப் போகும்."

ஹேக்ஸா பிளேடை வைத்தேன்.
அசைந்ததில் உச்சியிலிருந்த தண்ணீர்
பின்கழுத்தில் விழுந்தது, சில்லென்று.
ஏழு தொப்பையும் பக்கத்தில்,
கியூவில் நிற்கிறவர்களைப் போல,
அடுத்து என்ன என்று.

பிளேடை டேங்க் மேல் வைத்துவிட்டு
போனை எடுத்துப் புதுத் தொட்டி கேட்டேன்.
பழைய அளவா, பெருசா
என்கிறார் மரியசூசை.
லைனில்தான் இருக்கிறேன் என்கிறேன்.