பதினெட்டு

செந்தூல் அடுக்குமாடி. பதினான்காவது தளம்.
"பதினெட்டில் வை தம்பி,
போர்வை இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

வைத்தான் குணாளன்.
காப்பாரில் ஒரு கைப்பிடி நிலக்கரி
கூடுதலாக எரிந்திருக்கும்;
கலிமந்தானில் எவர் வீட்டு
ரம்புத்தான் மரத்தடியில் கிடந்ததோ அது.

சுவருக்கு வெளியே
பெட்டி அனலை ஊதுகிறது.
அடுத்த வீட்டுக் கொடியில்
காய்ந்த துணி மறுபடி காய்கிறது.
பெட்டிக்கும் சுவருக்கும் இடையில்
மைனாக் கூடு, மூன்று முட்டைகள்.
ஒன்றைக் கையிலெடுத்தான்: சூடு.
தாய்ச்சூடு இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல்
ஸ்குரூடிரைவரைத் துடைத்தபடி நின்றான்.

ராத்திரி, கெப்போங்கில்,
மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.
ஜன்னலைத் திறந்தால் புகைமூட்டம்.
ரிமோட்டை எடுத்தான்.
இருபத்தைந்து.
அவள் புரண்டு படுத்தாள்.
இருபத்து நான்கு.

சரி,
இருபத்து மூன்று.