குடையும் ஒரு சாணும்

மழை விட்ட மறுநாள்
வழுக்கையாற்றுக் கட்டுக்குப் போனோம்,
ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர்.
நீர்வீழ்ச்சி என்று யாரோ சொன்னார்களாம்.

சீமெந்துக் கட்டைத் தாண்டிப்
பால் பொங்கினாற்போல் விழுந்தது தண்ணீர்.
மகன் குடையை நட்டு அளந்தான்:
குடையும் ஒரு சாணும்.
"இவ்வளவுதானா?"

"குந்தியிருந்து எடுங்கோ, உயரமாத் தெரியும்"
என்றாள் சுகிர்தா.
சேற்றில் குந்தினேன்.
போனுக்குள் அது மலையிலிருந்து இறங்கியது,
பின்னால் பனைகள் குட்டையாகின.

சத்தம் மட்டும் பெரிது.
சண்டை பிடிக்கிற ஆட்களைப்போல்
கத்திக் கத்திக் கதைத்தோம்,
சிரித்துக்கொண்டு.

வயல் பக்கமிருந்து ஒருவர் வந்தார்.
சாரத்தை மடித்துக் கட்டி இறங்கிப்
பலகைகளை ஒவ்வொன்றாய்ச் செருகினார்.
"கொஞ்சம் பொறுங்கோவன் அண்ணை, இன்னொரு படம்..."
"விழுந்தால் கடலுக்குத் தம்பி.
நிண்டால் கிணத்துக்கு."

கடைசிப் பலகை இறங்க
அருவி நூலாகி
சொட்டாகி
ஓய்ந்தது.
சுகிர்தாவின் பாதிச் சொல்
வெட்டவெளியில் உரக்க நின்றது.
வெட்கப்பட்டு வாயைப் பொத்தினாள்.

மகன் கட்டில் குப்புறப் படுத்து
மறுபக்கம் குடையை விட்டுப் பார்த்தான்.
பிடியும் நனைந்தது,
பிறகு மணிக்கட்டு.