பாசிப்பயறளவு

தர்மபுரத்துக்கு இஞ்சால ஒரு ரிப்பர்
கிறவல் சிந்திக்கொண்டு போனதாம்.
யோகமலர் அக்கா சொல்லி முடிக்கமுதல்
கண்ணாடியில் நகத்தை வைத்துவிட்டேன்.
பாசிப்பயறளவு.
இடது பக்கம், வைப்பர் எட்டாத மூலை.
வெளித்தட்டில் மட்டும்.
நடுவில் இருக்கிற தோலுக்கு ஒன்றுமில்லை,
அதற்கு உள்ளே இருக்கிற தட்டுக்கும்.

அரை மணித்தியாலம் பிடியாத வேலை.
காற்றை உறிஞ்சி, பசை இறக்கி,
நீல லைற்றைப் பிடித்தால்
நாலாயிரம் ரூபாய்.

கல்லாவில் இருந்து நேசராசா அண்ணை இருமினார்.
எங்கள் பரந்தன் கடையில்
அந்த இருமலுக்கு ஒரு அர்த்தம்தான்.

"மாத்தத்தான் வேணும் அக்கா.
பாதுகாப்புக்குச் சொல்லுறன்,
பிள்ளையள் ஏத்திற வான்."

பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்.
வெடிக்கும் என்று சொல்லவில்லை,
வெடித்தால் என்றேன்.
மிச்சத்தை அக்காவே நினைத்துக்கொண்டா.
ஒரு சத்தம் வரமுன்னமே
அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துவிடுகிற சனம் நாங்கள்.
பாதுகாப்பு என்ற சொல்லை இந்த மண்ணில்
ஆரார் என்ன விலைக்கு விற்றார்களோ தெரியாது.
நான் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு விற்றேன்.
அதில் எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.

இரண்டு தவணையில் தந்தா,
வான்காசு வந்த கவர்களோடேயே.
மதுசிகா, சித்திரை.
டிலுக்சன், சித்திரை, முந்நூறு குறைவு.
அண்ணை தாள்களை எண்ணி எடுத்துவிட்டு
கவர்களைக் குப்பைவாளியில் போட்டார்.
பெயர்கள் மேலே பார்த்தபடி கிடந்தன.

அவர் கெட்ட மனிசன் இல்லை.
லீசிங்காரப் பெடியன் மாதம் முடிய
எங்கள் வாசலிலும் வந்து மோட்டார்சைக்கிளை நிப்பாட்டுகிறான்.
அவருக்கும் ஆரோ எங்கேயோ இருமுகிறார்கள்.

கழற்றும்போது லைசன்ஸ் தாள்
சேதமில்லாமல் வந்தது.
பிள்ளையார் ஸ்ரிக்கர் வரவில்லை.
தலையும் காதும் புதுக் கண்ணாடிக்குப் போக
வயிறும் எலியும் பழையதில் நின்றுவிட்டன,
கடைக்குப் பின்னால் தகரவேலியில் சாய்ந்தபடி.

பிறகொரு நாள் மழை.
ஏ ஒன்பதில் பஸ்ஸைத் தவிர ஒன்றும் ஓடவில்லை.
அண்ணை கிளிநொச்சிக்கு, வங்கிக்குப் போய்விட்டார்.
நான் பின்னால் போய், சாக்கால் ஈரம் துடைத்து,
அந்தப் பயறுக்குள் பசை இறக்கினேன்.
இருபத்திரண்டு நிமிடம்.
நகத்தால் தடவினேன்,
எங்கேயும் தட்டவில்லை.
ஆனால் கீழ் மூலையில் ஒரு நீளக் கோடு,
கழற்றும் நேரம் என் கத்தி போட்டது.
அந்தக் கண்ணாடியில் பூச முடியாத வெடிப்பு
அது ஒன்றுதான்.

காலை ஏழு பத்துக்கு டொல்பின் வான் கடக்கும்.
அக்கா கோர்ன் அடிப்பா, இரண்டு தரம்.
பின் சீற்றுப் பிள்ளைகளும் கை காட்டும்.
நான் ஏதாவது துடைத்துக்கொண்டு நிற்பேன்.

இன்றைக்கு விசுவமடுவில் இருந்து ஒரு பட்டா,
பின்னுக்குத் தேங்காய்.
"யோகமலர் அக்காதான் அனுப்பினவ.
ஒளிக்காமல் சொல்லுற பெடியனாம்."
நகத்தை வைத்தேன்.
மிளகளவும் இல்லை.
கல்லாவில் இருமல்.
நகத்தை எடுக்காமல் நின்றேன்.
இன்னொரு இருமல், கொஞ்சம் பெரிசாக.

"பூசினால் காணும் அண்ணை. நாலாயிரம்.
இருந்து ஒரு பிளேன்ரீ குடியுங்கோ."

அவர் இருக்கவில்லை.
கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரும்பவும் கண்ணாடியை.
"இது பூசலாமெண்டால், தம்பி,
அக்கான்ரை ஏன் மாத்தினீங்கள்?"

நீல லைற் கையில் எரிந்துகொண்டிருந்தது.
கல்லாப் பக்கம்
இருமல் இல்லை.