அதே வெங்காயம்

மோஸ்தாரில் மாலை ஐந்தே முக்கால்.
ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட்.
ஜன்னலுக்குக் கீழே நெரேத்வா
பச்சையாக, அவசரமாக.

வெந்த வெங்காயத்தை நடுவில் அழுத்தினால்
ஏடு ஏடாக வழுக்கி வரும்.
ஒவ்வோர் ஏடும் ஒரு கிண்ணம்.
நேற்றைய சோறு, குழைந்த பருப்பு,
மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை;
கட்டைவிரலால் அடைத்து மூடு.
குக்கர் இரண்டு முறை கத்தட்டும்.

எனக்கு முழுசாக ஒன்று,
நின்றபடியே, வாய் சுட.

அய்லாவுக்கு முன்பல் இரண்டும் இல்லை.
கடைவாய்க்குத் தோதாக நறுக்கினேன்.
"என்னுடையதைக் கரடி தின்றதா?" என்கிறாள்
தட்டைப் பார்த்து.

என்வருக்கு,
சாரத்திலிருந்து விழுந்து
தாடை இரண்டையும் கம்பியால் கட்டிக்கொண்ட என்வருக்கு
அதே வெங்காயம்தான்:
மிக்சியில் நான்கு சுற்று, தயிர் ஒரு கரண்டி,
வடிகட்டி, மறுபடி வடிகட்டி.
ஒரு துணுக்குத் தோல் தங்கினாலும்
ஸ்ட்ரா அடைத்துக்கொள்ளும்.
கண்ணாலேயே வைவான்.

'கறி போட்டாயா?'
தினமும் சீட்டில் எழுதிக் காட்டுவான்.
தலையாட்டுவேன்.
விழுந்த நாளிலிருந்து அவனுக்குச் சம்பளம் இல்லை.
கறி விலை அவனுக்கு எதற்கு?

ஆறாவது வாரம், கம்பி வெட்டிய அன்று
முழு வெங்காயம் ஒன்றை முன்னால் வைத்தேன்.
கடித்தான். நாக்கால் உருட்டினான்.
நெடுநேரம்.

"பருப்பு" என்றான்.
கம்பியில்லாத வாயின் முதல் சொல்.

அய்லா சிரித்தாள்,
பல் எட்டிப் பார்க்கும் இடைவெளியில்
காற்று விசிலடிக்க.
நான் தட்டையே பார்த்தேன்.

"அரைத்துக் கொடு" என்றான் மெதுவாக,
"தாடை வலிக்கிறது."

அலம்பிக் கவிழ்த்திருந்த மிக்சியை
நிமிர்த்தினேன்.