கட்டாயப் புலம்

பாயான் லெப்பாஸ், ஏழாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே பாலத்தில் வண்டிகள்
தடம் மாறாமல் பட்டர்வொர்த்துக்கு ஊர்கின்றன.
தீவின் ஆஸ்பத்திரிகளுக்கும் அக்கரைக் கிளினிக்குகளுக்கும்
பொதுவாக ஒரு படிவம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெயர்: ஒன்று. கட்டாயம்.
பிறந்த தேதி: ஒன்று. கட்டாயம்.
அடையாள அட்டை: பன்னிரண்டு இலக்கம், கூடாது, குறையாது.
ஒவ்வாமை: ஒன்றாவது. கட்டாயம்.

முதல் வாரம் அது
என் அப்பாவையே திருப்பி அனுப்பியது.
சோதனைக்கு நான் போட்ட பெயர்:
பரஞ்சோதி ஏ/எல் சின்னக்கண்ணு.
நடுவில் சாய்ந்து நிற்கும் அந்தக் கோடு
அனுமதித்த எழுத்துகளில் இல்லையாம்.
"மகன் என்று சொன்னால் மிஷினுக்குப் பிடிக்கவில்லை"
என்று ஹுவீ லெங் சிரித்தாள்.
கோட்டைச் சேர்த்தேன். அரை நாள் வேலை.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த சொல் 'செல்லும்'.
காசுக்கும் சொல்வோம், வாக்குக்கும்.
செல்லும் என்றால் போய்ச் சேரும்.
பச்சை விளக்கு எரிய எரிய
நாளொன்றுக்கு நாற்பதாயிரம் செய்திகள்
கடலுக்கு மேலோ அடியிலோ சென்றன.

ஜூலையில் எண்ணிப் பார்த்தபோது
எங்கள் கிடங்கில்
1900 ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள்
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நூற்றிருபது தாண்டிய அந்தக் கூட்டத்தில்
டெங்கி, பல் பிடுங்கல், கணுக்கால் சுளுக்கு,
இருவருக்குச் சுகப்பிரசவம்.
அத்தனையும் செல்லும்.

ஒவ்வாமைக்கு நேரே
பாதிப் பேருக்கு ஒரு புள்ளி.
மெய்யின் தலையில் வைத்தால்
உயிரை எடுத்துவிடும் அதே புள்ளி.

சுங்கை பாக்காப் கிளினிக்குக்குப் போன் செய்தேன்.
முகப்பில் தவமலர்.
"பசியாறிட்டீங்களா?" என்றார் முதலில்.
அப்புறம் சொன்னார்:
"வெளிய ஆம்புலன்ஸ் ஓடிக்கிட்டே நிக்குது.
பெஞ்சுல ஒரு பையன், நேப்பாளம்,
பாஸ்போர்ட் தவ்கேகிட்ட இருக்கு.
அவன் பேசறது எனக்குப் புரியல.
உங்க செவப்பு நட்சத்திரம் விடமாட்டேங்குது.
புள்ளி வெச்சேன். விட்டுருச்சு."

அவர் பொய் சொல்லவில்லை.
பொய்யைக் கட்டாயமாகக் கேட்டவள் நான்.

அன்று மாலை பலகையில் எழுதினேன்:
இல்லை.
தெரியாது.
கேட்கவில்லை.
கேட்டோம், சொல்ல மறுத்தார்.
நான்கு வெறுமை. என் படிவத்தில்
ஒன்றுக்கும் உட்கார இடமில்லை.

"காலி என்றால் காலிதானே?" என்றாள் அஸ்லினா.
பிறகு அவளே யோசித்து,
"தியாடா வேறு, புக்கான் வேறு."
இல்லை வேறு, அல்ல வேறு என்றேன் நான்.
எங்கள் இருவர் வீட்டிலும்
குழந்தைகள்கூடக் குழப்பிக்கொள்ளாததை
என் நிரல் ஒரே விழுங்கில் விழுங்கியிருந்தது.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ
'வந்தாள்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதி
முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
தோன்றா எழுவாய்.
யார் என்று எழுதவில்லை;
ஒருத்தி வந்திருக்கிறாள், அதில் ஐயமில்லை.

இரண்டாம் பதிப்பில் நட்சத்திரங்களைப் பிடுங்கினேன்.
மதிப்பு இல்லையா, காரணம் தா;
காரணம் இந்த நான்கில் ஒன்று, அல்லது உன் சொல்லில்.
தேதி முழுதாக வேண்டாம்,
ஆண்டு போதும், 'சுமார்' போதும்.
'சுமார்' என்பதை ஒரு வகையாக அறிவிக்க
மூன்று கூட்டம், ஒரு சண்டை.

நேற்றிரவு 2:17-க்கு ஒன்று வந்தது.
பெயர்: தில் பகதூர்.
பிறப்பு: சுமார் 1999.
அடையாள அட்டை: இல்லை.
ஒவ்வாமை: கேட்க முடியவில்லை, மொழி.
செல்லும்.

நாலேகாலுக்குத் தீவுப் பக்கமிருந்து திருத்தம்.
யாரோ படித்திருக்கிறார்கள்,
யாரையோ எழுப்பிக் கேட்கவைத்திருக்கிறார்கள்.
ஒவ்வாமை: பென்சிலின்.

பதினோரு கிளினிக்குகள்
இன்னும் பழைய பதிப்பில்தான்.
பட்ஜெட் அடுத்த ஆண்டாம்.
இன்று காலை, நான் கோப்பி கலக்குவதற்குள்,
1900-இல் இன்னும் நால்வர் பிறந்திருக்கிறார்கள்.