மழைமானிக்கு வெளியே

மாநாட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.
அறிவியல் நகரில் எல்லாருக்கும் ஒரு குழு கிடைத்திருக்கிறது.
உணவுக் குழு, உறைவிடக் குழு, மேடைக் குழு,
குரங்குகளிடமிருந்து வாழைக்குலையைக் காக்கப்
பெயரில்லாத ஒரு குழு.
எனக்குக் கிடைத்தது வரைபடம்.

பதினாறு வருடமாய்க் காலை எட்டரைக்கு
மழைமானியைத் திறந்து பார்க்கிறவன் என்பதால்
கேளாமலே முடிவாயிற்று.
கிளிநொச்சியின் நாற்பது வருட மழை
எட்டடிப் பதாகையில், ஒரே நீலக் கோடாக.
"வாறவையின்ர கண் அதில நிக்கவேணும்"
என்றார் பீடாதிபதி.

பதாகை பிளாஸ்டிக்.
துணியில் அடித்தால் என்ன என்று றிஸ்மினா கேட்டாள்.
மூன்று விலைமனு வேண்டும் என்றது கணக்குப் பகுதி.
அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து பழைய பதிவேடுகள் வந்தன,
கறையான் தின்றது போக.
தில்ஹானி வாசிப்பாள்.
குருநாகலிலிருந்து வந்து
எங்கள் எண்களை எங்கள் நாவால் சொல்லப் பழகியவள்.
"பன்ரண்டு தசம் நாலு. ஒன்பது. சைபர். சைபர்."
நான் தட்டுவேன்.
ஆடி முழுக்கச் சைபர்.
சைபரும் ஓர் அளவுதான்:
யாரோ வெயிலில் நடந்து வந்து, குனிந்து பார்த்து,
ஒன்றுமில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறார்.

பிறகு கையெழுத்து நின்றுவிட்டது.
இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி.
தாள் இருக்கிறது. கட்டங்கள் இருக்கின்றன.
ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொன்று, இன்னொன்று.
"சேர், இதும் சைபரா?"
இல்லை என்றேன்.
அவளுக்கு அப்போது ஐந்து வயது இருந்திருக்கும்.
நான் எங்கே நின்றேன் என்று கேட்பாளோ என்று பார்த்தேன்.
கேட்கவில்லை.

"சராசரியைப் போட்டுப் புள்ளிக்கோடாய் இணைச்சுவிடுங்கோ.
எல்லா நாட்டிலும் செய்யிறதுதானே."
பீடாதிபதி சொன்னது பிழையில்லை.
நானே அதை மாணவருக்குச் செய்து காட்டியிருக்கிறேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த பவளராணி
திரைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.
"அந்தக் கார்த்திகைக்குச் சராசரியோ?
தருமபுரத்தில தறப்பாளுக்குள்ள கிடந்தனாங்கள்.
பங்கருக்க இடுப்பளவு தண்ணி,
ஷெல் வந்தாலும் இறங்கேலாது.
பிள்ளைக்குக் காய்ச்சிக் குடுக்கவெண்டு
பால்மா டின் ஒண்டை வெளியில வைச்சன்.
பொழுதுபட வைச்சது,
விடிய முன்னம் வழிஞ்சிட்டுது."

எவ்வளவு உயர டின் என்று தில்ஹானி கேட்டாள்.
பவளராணி தட்டத்தை மேசையில் வைத்தாள்.
ஒரு கைக்கு மேல் ஒரு கையாக
இரண்டு உள்ளங்கைகளைக் காற்றில் நிறுத்தினாள்.
அடிமட்டம் அந்த இடைவெளிக்குள் போனது.
நூற்றெழுபது மில்லிமீற்றர்.

நாற்பது வருடப் பதிவேட்டில்
ஒரு நாளிலும் அவ்வளவு இல்லை.
அதுவும் வழிந்தது. எவ்வளவு வழிந்ததென்பது
தருமபுரத்து மண்ணுக்குள் போய்விட்டது.

கைகளை இறக்கிவிட்டு
"சீனியில்லாதது ஆருக்கு?" என்றாள்.

இதை ஆய்வில் சேர்க்க முடியாது, தெரியும்.
கருவி: தரப்படுத்தப்படாதது.
மாதிரிகள்: ஒன்று.
அவதானி: இரவு முழுக்க விழித்திருந்தவர்.

அச்சுக்கு அனுப்பிய கோப்பில்
கோட்டை அந்த இடத்தில் வெட்டிவிட்டேன்.
நாலு விரல் அகலம்.
புள்ளி ஒன்றும் வைக்கவில்லை.

இரவு கண்டி வீதி அச்சகத்திலிருந்து ஒரு பொடியன் எடுத்தான்.
"சேர், கோடு நடுவில அறுந்து கிடக்கு.
ஃபைல் பிழைச்சுப்போச்சுப் போல,
இழுத்துச் சேர்த்துவிடட்டோ?"
"வேண்டாம் தம்பி. அப்படியே அடி."
கொஞ்ச நேரம் மெசின் சத்தம் மட்டும் கேட்டது.
"சரி சேர். கயிறு கட்டச்
சுத்திவர ஓட்டை போடவேணுமோ?
இப்ப காத்துப் பலமெல்லோ."